போன வருஷத்து அளவு

1

இந்தக் கதை எனக்கு ஒரு குரல் பதிவில் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம். வெயில் மண்டையைப் பிளந்த ஒரு பகலில், மின்விசிறிக்குக் கீழே எதையும் எழுதாமல் எழுதுகிற பாவனையில் உட்கார்ந்திருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் பேசியிருந்தாள்.

"வணக்கங்க. போன வருஷம் எங்ககிட்ட ரெயின்கோட் வாங்கினீங்க. இப்ப உங்க பிள்ளை நல்லா வளர்ந்திருக்கும். சுவரோட ஒட்டி நிக்க வச்சு, உயரத்தை மட்டும் அளந்து அனுப்புங்க. மழைக்கு முன்னாடியே தச்சு வச்சிடுறோம்."

எனக்குப் பிள்ளை இல்லை. நண்பர் ஒருவரின் மகனுக்காக வாங்கியது அது. நண்பர் குடும்பத்தோடு வேறெங்கோ போய்விட்டார். பையன் எவ்வளவு வளர்ந்தானோ, யார் கண்டது. நான் பதில் போடவில்லை. ஆனால் அந்தக் குரலில் இருந்த நம்பிக்கை என்னைப் போட்டுப் படுத்தியது. எல்லாப் பிள்ளைகளும் வளர்ந்திருக்கும், கூப்பிட்ட தூரத்தில்தான் இருக்கும், அளவெடுக்க வா என்றால் சுவரோரம் வந்து நிற்கும் என்று அவள் துளிச் சந்தேகமும் இல்லாமல் நம்பினாள். நிற்காத பிள்ளை ஒன்று இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். யோசித்ததோடு விட்டிருக்கலாம்.

என் தங்கையிடம் சொன்னேன். அவள்தான் என் கதைகளை முதலில் படிப்பவள், அதாவது முதலில் திட்டுபவள். "குழந்தை செத்துப்போச்சுன்னு மட்டும் எழுதிடாதே. உன் கதைல குழந்தைக்குச் சளி பிடிச்சாலே நான் படிக்கிறதை நிறுத்திடுறேன்" என்றாள்.

சரி, இந்தக் கதையில் யாரும் சாகவில்லை. அதனால் கதை லேசாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மழை விட்டபாடில்லை."

அடித்துவிட்டேன். மழைக்கோட்டு விற்பவளுக்கு மழைக்காலத்தில் என்ன வேலை? பார்சல் கட்டுகிற வேலைதான். அவளுடைய மழைக்காலம் கோடையிலேயே நடந்து முடிந்துவிடுகிறது.

இரண்டாவது முயற்சி: "கடைக்காரிக்கு அன்று காலையிலிருந்தே மனசு ஏனோ" (ஏனோ என்ன ஏனோ! மனசு சரியில்லாமல் கதையைத் தொடங்குகிறவர்களை எனக்கே பிடிக்காது. அன்று காலை அவள் உற்சாகமாகத்தான் இருந்தாள்.)

மூன்றாவது, இதுதான்:

கடைக்காரி அன்று உற்சாகமாக இருந்தாள். கடை என்றால் தெருவில் பலகை மாட்டிய கடை அல்ல. வீட்டின் முன்னறை, இரண்டு தையல் மெஷின், வெட்டுவதற்கு ஒரு நீள மேசை, கைபேசி ஒன்று. அதில் படம் போடுவாள், ஆர்டர் வரும், தைத்துக் கூரியரில் அனுப்புவாள். தைப்பது அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. கணவன் பகல் முழுக்க வேலைக்குப் போய்விடுவதால் வீட்டில் மெஷின் சத்தமும் இந்த இருவரின் வாயும்தான்.

சீசன் வியாபாரம் என்பது வராத மழையை வந்துவிட்டதாக நினைத்துத் துணி வாங்குவது. தண்ணீர் இறங்காத அந்தப் பூச்சுத் துணியைக் கோடையிலேயே சொல்லி வைக்காவிட்டால் பெரிய கடைக்காரர்கள் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். எந்த அளவில் எத்தனை என்றும் அப்போதே முடிவு செய்து வெட்டிவிட வேண்டும். போன வருஷம் கடைக்காரி கண்ணை மூடிக்கொண்டு சின்ன அளவுகளாக வெட்டித் தள்ளினாள். விற்காதவற்றைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினார்கள். வெயிலில் பூச்சு இளகி, கோட்டுகள் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டன. பிரித்தால் தோல் உரிவதுபோல உரிந்தன. நாத்தனார் அவற்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணி, இதுங்க குடும்பமாயிடுச்சு. இனிமே பிரிக்க முடியாது" என்றாள்.

அதனால்தான் இந்த வருஷம் அந்த யோசனை. போன வருஷம் வாங்கிய எல்லோருக்கும் முன்கூட்டியே குரல் பதிவு அனுப்பி, பிள்ளைகளின் உயரத்தைக் கேட்டு வாங்கி, அதற்குத் தகுந்தாற்போல் வெட்டுவது. உயரங்கள் வந்து குவிந்தன. சிலர் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்திப் படமே எடுத்து அனுப்பினார்கள். கடைக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. யாரோ பெற்ற பிள்ளைகளெல்லாம் தன் பேச்சைக் கேட்டு வளர்ந்துவிட்டதாக அவளுக்கு ஒரு பெருமை.

3

வந்த பதில்களில் ஒன்றில் உயரம் இல்லை. "போன வருஷ அளவே போதும். அதே காகிதக் கப்பல் போட்ட துணி. பை இடது பக்கம். தொப்பிக்கு உள்ளே தவளைன்னு செல்லப் பேரைத் தைக்கணும், வெளியே தெரியக் கூடாது" என்று மட்டும் இருந்தது.

கடைக்காரி உச்சுக்கொட்டினாள். "போன வருஷ அளவே போதுமாமே. பிள்ளை என்ன மண் பொம்மையா?"

"தவளையா?" என்று நாத்தனார் மெஷினை நிறுத்தினாள். "இன்னொரு தவளையா? இந்த வாரம்தானே ஒரு தவளை தச்சேன்?"

அவளுக்கு மறக்காததற்குக் காரணம் உண்டு. இந்தத் துணியில் ஊசி போகிற ஒவ்வொரு இடமும் ஓட்டை. ஓட்டை வழியே தண்ணீர் இறங்காமலிருக்க உட்புறம் டேப் வைத்துச் சூடு காட்டி ஒட்ட வேண்டும். தொப்பியின் உட்குழிவில் பெயர் தைத்தால் அந்த வளைவில் டேப் நிற்காது. மூன்று எழுத்துக்கு அரை நாள் உயிரை வாங்கும். முதல் தவளைக்கே அவள் முனகித் தீர்த்திருந்தாள்.

முதல் தவளையின் ஆர்டர் புதிதாக வந்த ஒரு பெண்ணுடையது. "அண்ணன் பொண்ணுக்கு. பழைய கோட்டு சின்னதாயிடுச்சு, உள்ளே இருந்த லேபிள்ல உங்க நம்பர் பார்த்தேன். அதே மாதிரி, தொப்பிக்குள்ள தவளைன்னு பேரோட வேணும். பை மட்டும் வலது பக்கம்" என்று பிள்ளையின் உயரத்தையும் சேர்த்து எழுதியிருந்தார். முகவரி வேறு ஊர்.

(இங்கே வாசகரிடம் ஒரு வார்த்தை. நீங்கள் இப்போதே ஊகித்துவிட்டீர்கள். நானும் எழுதும்போதே ஊகித்துவிட்டேன். ஆனால் கடைக்காரி கதை படிக்கிறவள் இல்லை, கடை நடத்துகிறவள். ஒரே பிள்ளைக்கு இரண்டு ஆர்டர் என்றால் அவள் புத்திக்கு எட்டுவது ஒன்றுதான்: அத்தையும் அம்மாவும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஆளுக்கொன்று போட்டுவிட்டார்கள். லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போயிருக்கும் பிள்ளை. ஒன்று வீணாகத் திரும்பி வரும், கட்டிலுக்கு அடியில் போகும். நல்லெண்ணத்தில்தான் போனை எடுத்தாள்.)

4

"அக்கா, ரெயின்கோட் கடைலேர்ந்து பேசுறேன்."

"சொல்லுங்க. அனுப்பியாச்சா?"

"இல்லக்கா, ஒரு சின்னக் குழப்பம். பாப்பாவோட அத்தையும் ஒண்ணு சொல்லியிருக்காங்க, நீங்களும் ஒண்ணு சொல்லியிருக்கீங்க. ஒரு பிள்ளைக்கு எதுக்குக்கா ரெண்டு? பேசி வச்சுக்கலையா?"

பேச ஆள் கிடைத்துவிட்டால் கடைக்காரிக்கு நிறுத்தத் தெரியாது.

"அளவும் வேற வேறயா இருக்கு. அவங்க அடுத்த சைஸ் கேட்டிருக்காங்க. எனக்கென்னவோ அவங்க சொல்றதுதான் சரின்னு படுது. நீங்க கூடவே இருக்கிறதால உங்களுக்குத் தெரியல. பொம்பளப் பிள்ளைங்க இந்த வயசுல சரசரன்னு வளரும்ல?" என்று சிரிக்கவும் சிரித்தாள்.

"எவ்வளவு உயரம்?"

"என்னக்கா?"

"உயரம் எழுதியிருக்காங்களா? எவ்வளவு?"

"நூத்தி இருபத்தெட்டு சென்டிமீட்டர்."

கைபேசியை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது. இழுப்பறை ஒன்றைத் திறக்கிற சத்தம், அளவு நாடாவைச் சரக்கென்று உருவுகிற சத்தம். பிறகு குரல் கிட்டத்தில் வந்தது.

"என் தோளுக்கு வந்துட்டா."

கடைக்காரியின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. வேறு என்ன பேசுவது என்று தெரியாமல், வியாபாரத்தையே பிடித்துக்கொண்டாள். "பை கூட அவங்க வலது பக்கம் கேட்டிருக்காங்க. எது வைக்கட்டும்க்கா?"

"வலது பக்கமா? அவ இடக்கைக்காரியாச்சே." தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "மாத்திட்டாங்க" என்றாள் அந்த அம்மா. அதன் பிறகு கேட்டாள்: "எந்த ஊருக்கு அனுப்புறீங்க?"

"உங்களுக்குத் தெரியாதாக்கா?"

"தெரிஞ்சா உங்களை ஏன் கேக்கிறேன்?"

வாசலில் ஆள் வந்திருக்கிறார்கள், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று பொய் சொல்லிக் கடைக்காரி வைத்துவிட்டாள். வாசலில் வெயிலைத் தவிர யாரும் இல்லை.

5

"கொடுக்காதீங்க அண்ணி" என்றாள் நாத்தனார். கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

"பெத்தவளாச்சே."

"கட்டினவனாச்சேன்னுதான் என் அட்ரஸையும் கொடுத்தாங்க."

இந்த வரியை நான் திட்டமிடவில்லை. நாத்தனாரை மெஷினுக்காகவும் கொஞ்சம் கிண்டலுக்காகவும்தான் கதைக்குள் கொண்டுவந்தேன். அவள் திடீரென்று இதைச் சொன்னதும், இவள் ஏன் அண்ணன் வீட்டில் இருக்கிறாள் என்று அதுவரை நானும் கேட்கவில்லையே என்று உறைத்தது.

கேட்டுக்கொள்ளுங்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். அவள் புருஷனின் அடி தாங்காமல் ஓடிவந்தவள். அவளை மறைக்க இவர்கள் அப்போது அவனுக்குத் தெரியாத வேறு வீட்டில் குடியேறியிருந்தார்கள். எங்கே போனாள் என்று அவன் ஊரெல்லாம் விசாரித்திருக்கிறான். பழைய தையற்கடையில் அவளோடு வேலை பார்த்த ஒரு பெண், அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்துப் பாவப்பட்டு முகவரியைச் சொல்லிவிட்டாள். அவன் வந்தான். நாத்தனாரின் இடது காது இப்போதும் பாதிதான் கேட்கிறது. அதனால்தான் அவள் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுவாள். முதலில் அதை வாய்த்துடுக்கு என்றுதான் நானும் எழுதி வைத்திருந்தேன்.*

"அவ குரல் அப்படி இல்லம்மா" என்றாள் கடைக்காரி. "அளவு நாடாவை எடுத்துத் தன்னையே அளந்து பார்த்தா. எனக்கு ஈரக்குலையே அறுந்த மாதிரி ஆயிடுச்சு."

"அவன் குரலும் நல்லாத்தான் இருந்துச்சாம். அழுதானாம்."

"எல்லாரும் அவனா?"

"இல்லதான். யாரு அவன், யாரு அவன் இல்லைன்னு போன்ல எப்படித் தெரியும்? நீங்க சொல்லுங்க அண்ணி, எப்படித் தெரியும்?"

நாத்தனார் திரும்பவும் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள், ஆனால் ஊசிக்கடியில் துணி இல்லை. கடைக்காரி அதைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

* வாய்த்துடுக்கு என்று எழுதிய அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். நீங்கள் தேடினாலும் கிடைக்காது.

6

என்ன நடந்தது என்று எனக்காவது தெரியுமா? எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சி செய்தேன்.

[ பிள்ளையை அப்பா பள்ளிக்கூட வாசலிலிருந்தே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் வாசலில் நின்று, கடைசிப் பிள்ளை வெளியே வரும்வரை ]

இப்படி எழுதினால் கடைக்காரி இந்த நொடியே முகவரியைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நீங்களே அவளைச் சும்மா விடமாட்டீர்கள்.

[ அந்த அம்மா பிள்ளையைக் குளியலறைக்குள் பூட்டிவிட்டு வெளியே போவது அதுதான் முதல் முறை அல்ல. அத்தை வந்து கதவைத் திறந்தபோது ]

இப்படி எழுதினால் சொல்லவே கூடாது.

ஒரே வரியில் ஒரு தாயைத் தெய்வமாக்கவும் முடிகிறது, பேயாக்கவும் முடிகிறது. அன்றைக்கு எனக்கு இந்த எழுத்து வேலையே வெறுத்துப்போனது. இரண்டு வரியையும் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டேன்.

படுத்தால் தூக்கம் வருகிறதா? மூன்றாவது ஒன்று தோன்றியது. அது இன்னும் மோசம். அந்த முகவரியில் இருப்பது அவள் மகளே இல்லாமலும் இருக்கலாம். பழைய கோட்டைப் பிள்ளையின் அப்பா யாருக்காவது கொடுத்திருக்கலாம். வேறு ஒரு வீட்டில், வேறு ஒரு அண்ணன் மகள், வலக்கையால் எழுதுகிறவள், தொப்பிக்குள் தைத்திருந்த பெயரைப் பார்த்துச் சிரித்து, அதையே தனக்கு வைத்துக்கொண்டிருக்கலாம். பிள்ளைகள் அப்படித்தானே. அப்படியானால் அந்த அம்மா தன் தோளைத் தொட்டு அளந்தது யாரோ ஒரு பிள்ளையின் உயரத்தை. மறுநாள் கடைக்காரிக்கும் இது தோன்றும்படி செய்தேன். நாத்தனாரிடம் சொன்னாள். அவள், "அதை அந்தம்மாகிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டாள்.

7

மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றையும் காட்டிவிடுகிறேன், ஒளித்து வைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது.

ஒன்று. கடைக்காரி முகவரியைச் சொல்லிவிடுகிறாள். அந்த அம்மா பேருந்து ஏறுகிறாள், தெருவைக் கண்டுபிடிக்கிறாள், கதவைத் தட்டுகிறாள். உள்ளே ஓடிவருகிற சின்னக் காலடிச் சத்தம். தாழ்ப்பாள் நகர்கிறது. இதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை. கதவைத் திறக்கிற பிள்ளையின் முகத்தில் என்ன இருக்கும்? சந்தோஷமா? பயமா? இல்லை, யார் நீங்கள் என்ற கேள்வியா? மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றுமே நம்பும்படி இருந்ததுதான் கொடுமை.

இரண்டு. கடைக்காரி நியாயமாக நடந்துகொள்கிறாள். அத்தையைக் கூப்பிட்டு, "பாப்பாவோட அம்மா விசாரிக்கிறாங்க. உங்க அட்ரஸ் கொடுக்கலாமா?" என்று அனுமதி கேட்கிறாள். அத்தை, "யாரு?" என்கிறாள். அவ்வளவுதான். அடுத்த முறை கூப்பிடும்போது எண் உபயோகத்தில் இல்லை. அனுப்பிய கோட்டு, வீடு பூட்டியிருக்கிறது என்று முத்திரை குத்தித் திரும்பி வருகிறது. இந்த முடிவைத் தங்கைக்குப் படித்துக் காட்டினேன். "முறைப்படி செஞ்சா இப்படியா ஆகணும்? உனக்கு யாரும் நல்லா இருக்கக் கூடாதா?" என்று கத்தினாள். அத்தை எதற்காக அப்படி ஓடினாள் என்று திருப்பிக் கேட்டேன்.

மூன்று. கடைக்காரி எதுவுமே செய்யவில்லை. அந்த அம்மா கூப்பிடும்போதெல்லாம் போனை எடுப்பதில்லை. கோட்டு மட்டும் போன வருஷ அளவிலேயே தைத்து அனுப்பப்படுகிறது. நம்மில் நிறையப் பேர் செய்யக்கூடியது இதுதான் என்பதால், எழுதியவற்றில் இதுதான் சுலபமாக வந்தது. அதனாலேயே கிழித்துப்போட்டேன்.

(நான்காவது ஒன்றை நாத்தனார் சொன்னாள்: "நம்மகிட்ட அந்த ஆர்டரே இல்லைன்னு சொல்லிடுங்க, தப்பா பேசிட்டேன்னு சொல்லிடுங்க." கடைக்காரி அவளைப் பார்த்த பார்வையில் அவளே தலையைக் குனிந்துகொண்டாள். தோளுக்கு வந்துவிட்டாள் என்று சொன்னவளிடம் போய், இல்லை, வரவில்லை என்று எந்த வாயால் சொல்வது?)

8

இனி நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு கோட்டுகளும் தயாராகி மேசைமேல் இருந்தன. அத்தை கேட்டது பார்சல் கட்டியாகிவிட்டது. கூரியர் ஆள் மதியம் வருவதாகச் சொல்லியிருந்தார். கடைக்காரி அந்தப் பார்சலின் மேல் முகவரியை ஒட்டிவிட்டு, எழுத்து மேலே தெரியக் கூடாது என்று கவிழ்த்து வைத்தாள். வீட்டில் இருந்தது அவர்கள் இருவர்தான். யாரிடமிருந்து மறைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை. ஒரு பிள்ளை எங்கோ சோற்றுக்கு இல்லாமல் இருக்கிறதா, இல்லை, இத்தனை நாளில் இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறதா என்று தெரியாமல் போட்ட சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டாள். யாருடைய பிள்ளையும் வளர்ந்திருக்கும் என்று இனி வாய் திறந்து சொல்லமாட்டேன் என்று நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார், "அதுக்காக அளவு கேக்காம வெட்டுவீங்களா? வாங்க, ஒரு வாய் சாப்பிடுங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

அப்போது கைபேசி அடித்தது. அந்த அம்மாவின் எண். இரண்டு பேரும் பார்த்தார்கள். நாத்தனார் வேண்டாம் என்று தலையசைக்கவில்லை, எடுங்கள் என்றும் சொல்லவில்லை. கடைக்காரி எடுத்தாள். எடுத்துக் காதில் வைத்தவளுக்கு வாயில் சொல் வரவில்லை.

எனக்கும் வரவில்லை. இந்த இடத்தில் பல வாரமாக உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பிள்ளை யார், அம்மா எப்படிப்பட்டவள் என்று நான் தீர்மானித்தால் கடைக்காரியின் பதில் தானாக வந்துவிடும். ஆனால் கடைக்காரிக்கு அந்த வசதி இல்லை. அவளிடம் இருப்பது ஒரு குரல் மட்டும்தான். அவளுக்கு இல்லாதது எனக்கு எதற்கு? அந்தக் குரலை ஒரு சொல் விடாமல் கீழே எழுதிவிட்டேன். கைபேசியை உங்கள் கையில் கொடுக்கிறேன். பார்சல் மேசைமேல்தான் இருக்கிறது, திருப்பினால் முகவரி தெரியும். கூரியர் ஆள் வருகிற நேரம்.

"நான்தாங்க. நீங்க கூப்பிடுவீங்கன்னு பார்த்தேன். பயந்துட்டீங்கன்னு புரியுது. அழ மாட்டேன், சத்தம் போட மாட்டேன். அவங்க அத்தையைப் பத்தி நான் ஒண்ணும் தப்பா சொல்லல. நேரத்துக்குச் சோறு போடுவாங்க. என்னைப் பத்தி அவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். அதுல பாதி நிஜம்தான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்ப நான் அப்படி இல்லைங்க. அதை எப்படி உங்களுக்குக் காட்டுறதுன்னுதான் தெரியல. வீட்டு நம்பர் வேணாம். தெரு வேணாம். ஊர் பேரு மட்டும் சொல்லுங்க, போதும். ஹலோ? இருக்கீங்களா? மூச்சு விடுற சத்தம் கேக்குது. இருக்கீங்கதானே?"